பூச்சியே இல்லாத தோட்டம் ஏன் தோத்துப் போகுது? மொட்டை மாடிக்கு ஒரு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம்

இந்தக் கட்டுரையைப் படிக்க உங்களுக்கு ரெண்டே ரெண்டு விஷயம் தெரிஞ்சிருந்தா போதும். ஒண்ணு, கணக்குப் பேப்பரில் படிச்சுப் பரீட்சை முடிஞ்சதும் மறந்துபோன டிஃபரென்ஷியல் ஈக்வேஷன். இன்னொண்ணு, வீட்டு மொட்டை மாடியில் அம்மாவோ தாத்தாவோ வளர்க்கிற நாலு கத்தரிச் செடி.

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனா, "இஞ்சினியரிங் படிக்கிறியே, இந்தச் செடியில வெள்ளையா ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு, என்னன்னு பாரேன்" என்று கேட்பாங்க. நாம கூகுளில் தேடுவோம். மருந்துக் கடைக்காரர் ஒரு சின்ன பாட்டில் கொடுப்பார். அடிப்போம், பூச்சி போயிடும், எல்லாருக்கும் சந்தோஷம். மூணு வாரம் கழிச்சு வீட்டிலிருந்து போன் வரும்: "போன தடவையை விட இப்போ அதிகமா இருக்குடா."

மருந்து போலியா? இல்லை. பல நேரம் மருந்து தன் வேலையைச் சரியாகவே செஞ்சிருக்கும். பிரச்சினை மருந்தில் இல்லை, நாம வெச்ச 'செட் பாயின்ட்'டில் இருக்கு. பூச்சி எண்ணிக்கை பூஜ்யமா இருக்கணும்னு நினைச்சோம் பாருங்க, அங்கேதான் தோட்டம் தோத்துப் போக ஆரம்பிக்குது. இதை முதலில் கணக்கில் பார்ப்போம், அப்புறம் செடியில், கடைசியா அணில், மயில் வரைக்கும் போவோம்.

1. மீன் சந்தையில் பிறந்த கணக்கு

முதல் உலகப் போர் சமயத்தில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு ரொம்பக் குறைஞ்சு போச்சு. போருக்கு அப்புறம் உம்பெர்டோ டான்கோனா என்ற இத்தாலிய உயிரியலாளர், அந்தக் கரையோரச் சந்தைகளின் பழைய கணக்குகளைப் புரட்டினார். ஒரு விசித்திரம் தெரிஞ்சது. மீன்பிடிப்பு குறைஞ்ச வருஷங்களில், பிடிபட்ட மீன்களில் சுறா, திருக்கை மாதிரியான வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. வலை குறைஞ்சா எல்லா மீனும்தானே கூடணும், வேட்டை மீனுக்கு மட்டும் ஏன் இந்த யோகம்?

அவர் இதைக் கணித மேதை வீட்டோ வோல்டெராவிடம் கொண்டுபோனார். வோல்டெரா 1926-ல் பதிலை வெளியிட்டார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா அதே சமன்பாடுகளை 1925-லேயே தனியாக எழுதியிருந்தார். அதனால்தான் இன்னைக்கு அது லோட்கா–வோல்டெரா மாதிரி.

அதை அப்படியே மொட்டை மாடிக்குக் கொண்டுவருவோம். 'ப' என்பது பூச்சிகளின் எண்ணிக்கை, உதாரணத்துக்கு அசுவினி. 'ந' என்பது நண்பர்களின் எண்ணிக்கை, அதாவது அசுவினியைத் தின்னும் பொறிவண்டு.

பூச்சி மாறும் வேகம் = க × ப − ச × ப × ந
நண்பன் மாறும் வேகம் = ட × ப × ந − த × ந

க: பூச்சி தானாகப் பெருகும் வேகம். ச: நண்பன் பூச்சியைப் பிடிக்கும் வேகம். ட: தின்ன பூச்சி எவ்வளவு தூரம் புது நண்பர்களாக மாறுது என்பது. த: சாப்பாடு இல்லாதபோது நண்பன் சாகும் வேகம்.

ரெண்டு வேகமும் பூஜ்யமாகும் இடம்தான் சமநிலை. ஒரு வரியில் போட்டுப் பார்த்துடலாம்:

சமநிலைப் பூச்சி = த ÷ ட
சமநிலை நண்பன் = க ÷ ச

கவனிச்சீங்களா? பூச்சி எத்தனை இருக்கும் என்பதில் பூச்சியின் பிறப்பு வேகமே வரலை. அதைத் தீர்மானிக்கிறது நண்பனோட சாவும் சாப்பாடும்தான்.

இப்போ மருந்து அடிப்போம். கடையில் கிடைக்கிற பெரும்பாலான மருந்து ஆள் பார்த்துக் கொல்லாது, ரெண்டு பேரையும் கொல்லும். ரெண்டு பேருக்கும் கூடுதலாக 'ம' என்ற சாவு வேகம் சேருதுன்னு வெச்சுக்கலாம். க என்பது (க − ம) ஆகும், த என்பது (த + ம) ஆகும்.

புதுப் பூச்சி = (த + ம) ÷ ட
புது நண்பன் = (க − ம) ÷ ச

பூச்சி கூடிப்போச்சு, நண்பன் குறைஞ்சு போச்சு! இதுக்குப் பேரே வோல்டெரா தத்துவம்: ரெண்டு பேரையும் சேர்த்துக் கொன்னா, சராசரியில் லாபம் அடையறது இரைதான். மீன் சந்தைப் புதிர் இதோட மறுபக்கம். வலை குறைஞ்சப்போ வேட்டை மீன் கூடுச்சு.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் நமக்கு நிம்மதி. கணக்குக்காக மட்டும் க = 0.30, ச = 0.02, ட = 0.001, த = 0.10 என்று எடுத்துக்கங்க. சமநிலையில் பூச்சி 100, பொறிவண்டு 15. தொடர்ந்து மருந்து அடிச்சு ம = 0.10 ஆக்கினா பூச்சி 200, பொறிவண்டு 10. காசு செலவழிச்சுப் பூச்சியை இரட்டிப்பாக்கியிருக்கோம்.

"சரி, ம-வை இன்னும் ஏத்தினா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்குது. நியாயமான கேள்வி. ம என்பது க-வைத் தாண்டினால் ரெண்டுமே அழியும், மாடி சுத்தமாயிடும். ஆனா மாடி மூடின டப்பா இல்லையே. பக்கத்து வீட்டுச் செம்பருத்தியிலிருந்து காத்துல ஒரே ஒரு சிறகு முளைச்ச அசுவினி வந்து விழுந்தா போதும். அது குட்டி போட ஆண் துணை வேண்டாம். வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள்ள அந்தக் குட்டியும் குட்டி போடும். பொறிவண்டோ முட்டையிலிருந்து வண்டாக மாற ரெண்டு மூணு வாரம் எடுத்துக்கும். அதுவும் சாப்பாடு இருக்கிற இடத்துக்குத்தான் முட்டை போட வரும். நீங்க துடைச்சு வெச்ச மாடியில் முதலில் ஜெயிக்கப் போறது யாருன்னு தனியா சொல்லணுமா?

இது எளிமையாக்கப்பட்ட மாதிரிதான். நிஜத் தோட்டத்தில் மழை, வெயில், பல வகைப் பூச்சி, மருந்துக்குப் பழகிப்போகும் தன்மை எல்லாம் சேரும். ஆனா நிஜ வயலும் இதே பாடத்தைச் சொல்லியிருக்கு. இந்தோனேசியாவில் நெல்லில் புகையான் கட்டுக்கடங்காமப் போனப்போ, மருந்து அதிகமா அடிச்ச வயலில்தான் அது மோசமா இருந்தது. வயலில் இருந்த சிலந்திகளும் மற்ற நண்பர்களும் முதலில் செத்திருந்தாங்க. 1986 நவம்பரில் அந்த அரசு, நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்தத் தடை போட்டது. விளைச்சல் விழலை.

2. கோயம்புத்தூர் பார்த்த வெள்ளைப் பஞ்சு

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு பூச்சி வந்தது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி அது. பப்பாளியோட நிக்கலை. பட்டுப்புழு வளர்க்கிறவங்களோட மல்பெரி, மரவள்ளி, கத்தரி, செம்பருத்தி என்று பரவியது. உடம்பு மேல மெழுகு போர்வை இருக்கிறதால மருந்து சரியா ஒட்டலை. அடிக்க அடிக்க உள்ளூர் நண்பர்கள் செத்தாங்க, மாவுப்பூச்சி பரவிக்கிட்டே போச்சு.

கடைசியில் தீர்வா வந்தது இன்னொரு பூச்சி. மாவுப்பூச்சியின் சொந்த ஊர்ப் பக்கம் அதைக் கட்டுக்குள் வெச்சிருந்த மூணு வகை ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைச்சாங்க. பெங்களூரு ஆய்வகத்தில் சோதிச்சு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மூலமா வயல்களில் விட்டாங்க. அதில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் நட்சத்திரம். நீளம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை போடும், உள்ளே பிறக்கிற புழு அதைத் தின்னே வளரும். சில மாசங்களில் பெரும்பாலான இடங்களில் மாவுப்பூச்சி அடங்கிடுச்சு.

இதில் நமக்கு முக்கியமான விஷயம்: மாவுப்பூச்சி ஒழியலை, அடங்குச்சு. இன்னைக்கும் அங்கங்கே ஒரு செடியில் கொஞ்சம் இருக்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் குளவியும் வாழுது. அந்த மிச்சத்தையும் நாம துடைச்சா, குளவிக்குச் சம்பளம் நின்னு போகும். சம்பளம் இல்லாத காவல்காரர் எத்தனை நாள் வேலைக்கு வருவார்?

1959-ல் கலிபோர்னியாவில் நாலு பூச்சியியலாளர்கள் இதை ஒரு விதியாகவே எழுதினாங்க. பூச்சி இருக்கிறது பிரச்சினை இல்லை. அது செய்யும் நஷ்டம், தடுக்கும் செலவைத் தாண்டப்போகும் நிலை வந்தால்தான் கை வைக்கணும். அந்த எல்லைக்குப் பேர் பொருளாதாரச் சேத நிலை. நம்ம பாஷையில் டாலரன்ஸ் பேண்ட். ஒரு ஷாஃப்ட்டுக்கே பிளஸ் ஆர் மைனஸ் கொடுக்கிறோம். கத்தரிச் செடிக்குக் கொடுக்க மாட்டோமா?

3. ஆள் அடையாளம்: நசுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

கணக்கு புரிஞ்சாலும் களத்தில் ஒரு சிக்கல். நண்பர்கள் பலர் பார்க்கிறதுக்கு வில்லன் மாதிரி இருப்பாங்க. மொட்டை மாடியில் நாம நசுக்கிற புழுவில் பல, நமக்காக வேலை செய்ற புழு.

பொறிவண்டுப் புழு: வண்டு அழகு, ஆனா அதோட குழந்தை குட்டி முதலை மாதிரி கருப்பா, ஆரஞ்சுப் புள்ளியோட முள்ளு முள்ளா இருக்கும். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் இதைப் பார்த்தா கை வைக்காதீங்க.

மாவுப்பூச்சி தின்னி: கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு இழைகளோட இருக்கும். வித்தியாசம், இது மாவுப்பூச்சியை விடப் பெருசு, இழை நீளம், தொட்டா சுறுசுறுப்பா ஓடும்.

குரங்கு மூஞ்சிப் பட்டாம்பூச்சி: ஸ்பால்கிஸ் எபியஸ். இதோட புழு இலை தின்னாது, மாவுப்பூச்சியைத் தின்னும். கூட்டுப்புழுவை மேலிருந்து பார்த்தா அசல் குரங்கு முகம்! கேமரா வெச்சிருக்கிறவங்க தேடிப் பாருங்க.

பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி: இலையில் மெல்லிய நூல் நட்டு, அதன் நுனியில் குண்டூசித் தலை மாதிரி முட்டை வெக்கும். பார்த்தா ஏதோ பூஞ்சணம் மாதிரி தெரியும். துடைச்சிடாதீங்க.

சிர்பிட் ஈ: தேனீ வேஷம் போட்ட ஈ. பூ முன்னாடி ட்ரோன் மாதிரி அந்தரத்தில் நிக்கும், கொட்டாது. அதோட கால் இல்லாத புழு அசுவினியை உறிஞ்சும்.

ஊதிப்போன பழுப்பு அசுவினி: அசுவினிக் கூட்டத்தில் சிலது மட்டும் பழுப்பா உப்பி, அசையாம, முதுகில் வட்ட ஓட்டையோட இருந்தா, ஒட்டுண்ணிக் குளவி வந்துபோன அடையாளம். அந்த இலையைக் கிள்ளி எறியாதீங்க. இன்னும் ஓட்டை விழாதவற்றிலிருந்து அடுத்த ஷிஃப்ட் வெளியே வரும்.

மண் கூட்டுக் குளவி: புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும்னு நம்ம ஊரில் சொல்வாங்க. நடக்கிறது வேற. குளவி புழுவைக் கொட்டி மரத்துப் போகச் செய்து, கூட்டுக்குள் அடைச்சு, முட்டை வெச்சு மூடிடும். பிறக்கிற குஞ்சுக்கு அதுதான் கட்டுச்சோறு. சில வகைக் குளவி புழுவுக்குப் பதில் சிலந்தியை அடைக்கும். ஜன்னல் மூலையில் ஒரு மண் கூடு இருந்தா, உங்க தோட்டத்துக்கு ஒரு வேட்டைக்காரர் வாடகை இல்லாமக் குடியிருக்கார்னு அர்த்தம்.

எதிர்ப் பக்கமும் ஒரு வேஷக்காரர் உண்டு. கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் எபிலாக்னா வண்டு, பொறிவண்டுக் குடும்பத்தின் சைவ உறுப்பினர். முதுகில் நிறையப் புள்ளி, 28 வரைக்கும் இருக்கும். நல்ல பொறிவண்டு பாலிஷ் போட்ட மாதிரி மின்னும். இது மெல்லிய ரோமத்தோட மங்கலா இருக்கும். புழு மஞ்சளா, உடம்பெல்லாம் கிளை விட்ட முள். இதைக் கையால் பொறுக்கி சோப்புத் தண்ணியில் போடலாம்.

எறும்பை மறந்துடக்கூடாது. அசுவினியும் மாவுப்பூச்சியும் வெளியேற்றும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அவங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கும், பொறிவண்டைக் கடிச்சு விரட்டும். செடியில் எறும்பு வரிசையா ஏறுதுன்னா முதலில் அந்த வழியை அடைங்க. தொட்டி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணி ஊத்தின கிண்ணத்தில் வெச்சாலே போதும். அதிகாரியை விரட்டும் அடியாளை நீக்கிட்டா, அதிகாரி தன் வேலையைப் பார்த்துக்குவார்.

4. பூ பூக்குது, காய் பிடிக்கலை

மாடித்தோட்டக்காரங்க அதிகமா கேட்கும் கேள்வி இது. பாகல், பீர்க்கு, சுரை, பூசணி எல்லாத்திலும் ஆண் பூ வேற, பெண் பூ வேற. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். மகரந்தம் யாராவது தூக்கிட்டு வரலைன்னா அந்தப் பிஞ்சு பழுத்து உதிர்ந்துடும். இதில் டியூட்டி நேரம் முக்கியம். பாகலும் பூசணியும் விடியற்காலையில் பூக்கும், தேனீக்கள் வரும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம் பூக்கும். சுரைப் பூவுக்கு இருட்டில் வர்றது அந்துப்பூச்சிகள். 'சாயங்காலம் மருந்து அடிச்சா தேனீக்குப் பாதிப்பில்லை' என்று படிச்சிருப்பீங்க. சுரைக்கொடிக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது.

அந்த அந்துப்பூச்சி சின்ன வயசில் எங்கே இருந்தது? ஏதோ ஒரு செடியில் இலை தின்னும் புழுவா. ஒரே உயிர், இந்த மாசம் கடன்காரர், அடுத்த மாசம் கூலியாள். 'நல்ல பூச்சி, கெட்ட பூச்சி' என்று பட்டியல் போட்டு எல்லாரையும் பிரிச்சிட முடியாதுன்னு சொல்றதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

கத்தரி, தக்காளி விஷயம் இன்னும் சுவாரசியம். இந்தப் பூக்களில் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைஞ்சிருக்கும், உப்பு டப்பா மாதிரி. சாதாரணத் தேனீக்கு அதைக் குலுக்கத் தெரியாது. பெரிய கருப்பு வண்டு மாதிரி ரீங்காரம் போடும் தச்சுத் தேனீயும், நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப் பிடிச்சு, இறக்கையை விரிக்காம, மார்புத் தசையை மட்டும் சில நூறு ஹெர்ட்ஸில் அதிர வைக்கும். மகரந்தம் பொலபொலன்னு கொட்டும். வைப்ரேஷன் பாடத்தை ஒரு தேனீ லேப் ரெக்கார்ட் இல்லாமப் பண்ணிக் காட்டுது. காத்து ஆட்டினாலும் இந்தச் செடிகள் காய்க்கும். ஆனா தேனீ வந்தா காய் நல்லாப் பிடிக்கும். தச்சுத் தேனீ காய்ஞ்ச மரத்தையும் மூங்கிலையும் குடைஞ்சுதான் வீடு கட்டும். மாடியில் ஒரு பழைய மூங்கில் கழியைக் கட்டி வெச்சா அதுவே ஹாஸ்டல்.

இமிடாகுளோபிரிட் மாதிரி செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்துகள் ஏன் பிரச்சினைன்னு இப்போ புரியும். வேரில் ஊத்தினாலும் அது பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இந்த வகையில் மூணு மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை செஞ்சது தேனீக்களுக்காகத்தான்.

நமக்கு இன்னொரு பயமும் இருக்கணும். வயலிலிருந்து வர்ற காய் நாலு நாள் பயணம் பண்ணி வரும். மாடியில் காலையில் அடிச்சு, மதியம் பறிச்சு, ராத்திரி சாம்பாரில் போடுறோம். மருந்து பாட்டிலில் சாய்சதுரத்துக்குள் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நச்சு, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. அடிச்சதிலிருந்து பறிக்கும் வரை எத்தனை நாள் காத்திருக்கணும்னும் அதில் போட்டிருக்கும். உங்க வீட்டுப் பரணில் இருக்கிற பாட்டிலை இந்த வாரம் எடுத்துப் பாருங்க. என்ன நிறம்?

5. பெரிய விருந்தாளிகள்: அணில், கிளி, மயில்

பூச்சிக்குச் சொன்ன கணக்கு இவங்களுக்குப் பொருந்தாது. அணிலைத் தின்ன மாடிக்கு யாரும் வரப்போறதில்லை. இங்கே தேவை கன்ட்ரோலர் இல்லை, நல்ல கதவு. நாலு பேர் பேசி வெச்ச பங்கும் வேணும்.

நேரம்: தக்காளி நிறம் மாற ஆரம்பிச்ச உடனே பறிச்சு வீட்டுக்குள்ள வெச்சா தானாப் பழுக்கும். பறவையும் அணிலும் சிவப்பு ஏறும் வரைதான் காத்திருக்கும். நாம ரெண்டு நாள் முந்திக்கிட்டா சண்டையே இல்லை.

தண்ணீர்: சித்திரை வெயிலில் பழத்தைக் கொத்துறது பசிக்கு மட்டுமில்லை, தாகத்துக்கும்தான். ஓரத்தில் ஒரு அகல மண் சட்டியில் தண்ணி வைங்க. ரெண்டு நாளுக்கு ஒரு தடவை கொட்டிக் கழுவி மாத்துங்க. அப்போ கொசுப்புழு வளர நேரம் கிடைக்காது.

உறை: காயைத் துணிப்பையிலோ காகிதப் பையிலோ போட்டுக் கட்டுறது பழைய வித்தை. பாகல் பிஞ்சுக்குப் பழ ஈ முட்டை வைக்கிறதையும் இதுவே தடுக்கும்.

வலை: இங்கேதான் ஜாக்கிரதை. மெல்லிய நைலான் வலையைத் தளர்வாப் போர்த்தினா குருவி, ஓணான், தரையில் இருந்தா சாரைப்பாம்பு கூட மாட்டிக்கிட்டுச் செத்துப்போகும். வலை போட்டா சட்டம் அடிச்சு இழுத்துக் கட்டுங்க. விரல் நுழையாத கண் அளவு எடுங்க. அணில் நைலானைக் கடிச்சிடும், அதுக்குக் கம்பி வலைதான் சரி. குரங்கு வர்ற ஊரா இருந்தா முழுக் கம்பிக் கூண்டு ஒண்ணுதான் வழி. பாவம்னு பழம் கொடுத்துப் பழக்காதீங்க, அடுத்த நாள் அது சமையலறைக்கே வரும்.

எலி: பசை அட்டை வேண்டாம். எலிக்கு முன்னாடி பல்லி ஒட்டும். எலி மருந்தும் வேண்டாம். மருந்து தின்ன எலி தள்ளாடி வெளியே வரும், அதைக் கூகை தூக்கிட்டுப் போய்க் குஞ்சுக்குக் கொடுக்கும். ராத்திரி முழுக்க இலவசமா எலி பிடிச்ச குடும்பத்துக்கே விஷம் வெச்ச மாதிரி ஆயிடும். கூண்டுப் பொறி போதும். சிந்தின தானியத்தையும் திறந்த குப்பையையும் ஒழிச்சாலே பாதி எலி இடம் மாறிடும்.

மயில்: நம்மள்ல பலர் படிக்கிற காலேஜ் ஊருக்கு வெளியேதான் இருக்கு, மயிலுக்குப் பஞ்சமில்லை. நாத்து, கீரை, தக்காளி எல்லாம் அதுக்குப் பிடிக்கும். விஷம் கலந்த தானியம் வெக்கிற கொடுமை அங்கங்கே நடக்குது. மயில் 1963-லிருந்து தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. கொன்னா குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. சட்டத்தை விடுங்க, அந்தத் தானியத்தைப் புறாவும் மைனாவும் பக்கத்து வீட்டுக் கோழியும் தின்னும். மயிலுக்கு இறங்கவும் ஏறவும் வெட்டவெளி வேணும். பாத்திக்கு மேல குறுக்கும் நெடுக்குமா கயிறு கட்டினா இறங்கத் தயங்கும். நாத்து முளைச்சு வரும் வரை வேலமுள் கொப்பைப் பரப்பி வெக்கிறது நம்ம தாத்தா காலத்து டெக்னாலஜி. இன்னைக்கும் வேலை செய்யும்.

தக்காளியைக் கொத்துற கொண்டைக்குருவியைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். குஞ்சு பொரிச்ச காலத்தில் அது நாள் முழுக்கப் புழு பூச்சியைப் பிடிச்சுத்தான் குஞ்சுக்கு ஊட்டும். ரெண்டு தக்காளி அதுக்குக் கொடுக்கிற கூலின்னு எழுதிக்கலாம்.

6. இந்த லீவில் செய்ய வேண்டியது

1. ஒரு நோட்டு. தினமும் காலையில் 10 நிமிஷம், இலைக்கு அடிப்பக்கம் பாருங்க. ஒரு செடிக்கு 5 இலை. எத்தனை பூச்சி, எத்தனை நண்பன்? சென்சார் இல்லாம கன்ட்ரோல் கிடையாது.

2. ஒரு தொட்டியில் தட்டைப்பயறு விதைங்க. அதில் வரும் கருப்பு அசுவினி பெரும்பாலும் பயறு வகைச் செடிகளைத்தான் தேடும், கத்தரிக்கு வராது. ஆனா அதைத் தின்ன வரும் பொறிவண்டு கத்தரியையும் பார்த்துக்கும். நண்பர்களுக்கு அது ஒரு மெஸ்.

3. கொத்தமல்லியில் ரெண்டு செடியைப் பறிக்காம பூக்க விடுங்க. சின்னச் சின்னத் திறந்த பூ, குட்டிக் குளவிக்கும் சிர்பிட் ஈக்கும் வாய்க்கு எட்டும் டீக்கடை.

4. அசுவினி தெரிஞ்சா முதலில் தண்ணியைப் பீச்சி அடிச்சு உதிர்த்து விடுங்க. நாத்தா இல்லாம நல்லா வளர்ந்த செடியா இருந்தா ஒரு வாரம், 10 நாள் பொறுங்க. சிஸ்டத்தில் டைம் லேக் இருக்கு. நண்பர்கள் லேட்டாத்தான் வருவாங்க.

5. கத்தரிக் குருத்து வாடித் தொங்கினா உள்ளே துளைப்பான் புழு இருக்கு. வாடின இடத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டி அழிச்சிடுங்க. இங்கே தயவு காட்ட வேண்டாம். அடுத்து அது காய்க்குள் போகும், அங்கே எந்த மருந்தும் எட்டாது.

6. கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி புழு இருந்தா, பட்டாம்பூச்சி வரப்போகுது. பெரிய மரமா இருந்தா ஒரு கிளையை எழுதிக் கொடுத்துடுங்க. சின்னச் செடியா இருந்தா புழுவைப் பெரிய மரத்துக்கு மாத்தி விடுங்க.

7. எல்லாம் மீறிப் போனா, பாதிச்ச செடிக்கு மட்டும் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோட. பூவில் படாம, வெயில் தாழ்ந்த பிறகு. வேப்பெண்ணெயும் பொறிவண்டுப் புழுவைப் பாதிக்கலாம், அதனால இது கடைசி வழி.

7. வீட்டுப்பாடம்

கேள்வி 1: முதல் சமன்பாட்டை ப-ஆல் வகுத்து, ஒரு முழுச் சுழற்சிக்குத் தொகையிடுங்க. நண்பனின் சராசரி எண்ணிக்கை க ÷ ச என்று வரும். இதே மாதிரி பூச்சியின் சராசரியையும் நிரூபிங்க. (குறிப்பு: சுழற்சி முடிவில் எண்ணிக்கை தொடங்கிய இடத்துக்கே வந்துடும், லாக் மாற்றம் பூஜ்யம்.)

கேள்வி 2: பூச்சியை மட்டும் கொல்லும் முறை ஒண்ணு இருக்குன்னு வைங்க, உதாரணம் கையால் பொறுக்குறது. க மட்டும் (க − ம) ஆகும், த மாறாது. சமநிலை என்ன ஆகும்? மேலே உள்ள எண்களைப் போட்டுப் பாருங்க. பூச்சி 100-லேயே நிக்கும், பொறிவண்டு 10 ஆகும். ஏன் பூச்சி குறையலைன்னு யோசிங்க. பதிலில்தான் பாடத்தோட சாரம் இருக்கு: பூச்சியின் அளவைத் தீர்மானிக்கிறது உங்க கை இல்லை, நண்பனோட வாழ்க்கை வசதி.

கேள்வி 3: பூச்சியைக் குறைக்க உங்களுக்கு ரெண்டு குமிழ்தான் இருக்கு. த-வைக் குறைக்கணும், அதாவது நண்பன் சாகாம இருக்கணும். இல்லைன்னா ட-வைக் கூட்டணும், அதாவது நண்பன் நல்லாப் பெருகணும். மேலே சொன்ன ஏழு வேலைகளில் எது எந்தக் குமிழைத் திருப்புதுன்னு எழுதுங்க. கயிறு கட்டுறதையும் தண்ணி வெக்கிறதையும் இதில் சேர்க்காதீங்க. அணிலுக்கும் மயிலுக்கும் சமன்பாடு கிடையாது, பெரிய மனசுதான்.

நோட்டில் ரெண்டு மாசக் கணக்கு சேர்ந்தவங்க அடுத்த இதழுக்கு அனுப்புங்க. பூச்சிக்கு ஒரு கோடு, நண்பனுக்கு ஒரு கோடு, ஒரே கிராஃபில் வரையணும். ரெண்டாவது கோடு முதல் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி ஏறி இறங்குச்சுன்னா, 1926-ல் இத்தாலியில் எழுதின சமன்பாடு உங்க வீட்டு மொட்டை மாடியில் நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.